எண்ணெய்த் தலைகளுக்கு அனுமதி இல்லை

வாங்குகிறவன் முதலில் சரக்கைச் சோதிக்க வேண்டும். சோதித்த பிறகு கையெழுத்திட வேண்டும். கையெழுத்து விழுந்த பிறகுதான் பணம். மொரீஷியஸ் அரசாங்கப் பண்டகசாலையில் ஓய்வு பெறும்வரை நான் செய்த வேலையின் சாரம் இவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்கு வந்த போர்வையை நனைத்துக் காயவைத்து, சுருங்கியிருக்கிறதா என்று அளந்திருக்கிறேன். சிறைச்சாலைக்கு வந்த அரிசியை வேகவைத்து வாயில் போட்டுப் பார்த்திருக்கிறேன். கைதியின் சோற்றுக்குக் கிடைத்த அந்த மரியாதை, போர்ட் லூயியில் ஒரு கடையில் என் காதுக்குக் கிடைக்கவில்லை.

அறுபத்தெட்டில் எங்கள் தீவுக்குச் சுதந்திரம் வருவதற்கு இரண்டு மூன்று வருடங்கள் முன்பு நடந்தது இது. எனக்கு அப்போது ஒலிக்கருவிகளில் பைத்தியம். ஆங்கிலப் பத்திரிகைகளில் வரும் வரைபடங்களைப் பார்த்து வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றை நானே கட்டியிருந்தேன். ரோஸ் ஹில்லில் ஒரு தச்சரிடம் இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள் செய்து வாங்கியிருந்தேன். இடம் வலம் என்று ஒலியைப் பிரித்துத் தரும் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் அப்போதுதான் தீவுக்கு வரத் தொடங்கியிருந்தன. அவற்றைக் கேட்பதற்கு இரண்டு காதும் வேண்டும். என் இடது காது சின்ன வயதிலேயே சீழ் வைத்து ஆறிய காது.

ரோஸ் ஹில்லில் ஒரு காது டாக்டர் இருந்தார். தமிழர்தான், அயர்லாந்தில் படித்தவர். சனிக்கிழமை மாலைகளில் எங்களைப் போன்ற ஒலிப்பைத்தியங்கள் அவர் வீட்டு வரவேற்பறையில் கூடுவோம். நல்ல கருவிகள் அவரிடம் இருந்தன, நல்ல காது இல்லை. அவர் தலைமுடி, மெருகேற்றிய சப்பாத்துபோல மின்னும். பக்கத்தில் உட்கார்ந்தால் லவெண்டர் மணக்கும். ஒரு சனிக்கிழமை என் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே எலும்பு அரித்துக்கொண்டு வருகிறது, இன்னும் சில வருடங்களில் இடது காது போய்விடும் என்றார்.

"வலது காது இருக்கிறதே, மோ ஷேர்," என்று, என் அன்பரே என்ற பிரெஞ்சுக் கொஞ்சலையும் சேர்த்துச் சொன்னார். காருக்கு உபரிச் சக்கரம் இருப்பதைச் சொல்வதுபோல.

இடது ஒலிபெருக்கியை மட்டும் உரக்க வைத்துக் கேட்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். போ பசான் என்ற ஊரில் எங்கள் வீடு, ஒரே தகரக் கூரையின் கீழ் பலகைத் தடுப்பால் இரண்டாகப் பிரிக்கப்பட்ட வீடு. மறு பாதியில் அப்பாவும் அண்ணனும் இருந்தார்கள். அண்ணன் கோயில் சங்கத்தின் செயலாளர். நான் குமிழைக் கொஞ்சம் திருப்பினால் போதும், பலகையில் துடைப்பக் கட்டையால் மூன்று இடி விழும். கோயில் ஒலிபெருக்கி ஊரையே எழுப்பும்போது அவருக்குக் கேட்காத சத்தம், என் வீட்டுச் சத்தமாக இருந்தால் துல்லியமாகக் கேட்கும்.

அப்போதுதான் ஒரு பத்திரிகையில் ஜெர்மனியில் செய்த அந்த ஹெட்ஃபோனைப் பார்த்தேன். ஒவ்வொரு காதுக்கும் தனித்தனிக் குமிழ். இடது குமிழைக் கூட்டினால் என் இடது காது ஒலியைப் பிடிக்குமா? பத்திரிகைக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். காது மூடுவதற்குள் தெரிய வேண்டும், பணம் கொடுப்பதற்கு முன் தெரிய வேண்டும். இந்த இரண்டைத் தவிர எனக்கு வேறு கோரிக்கை இல்லை.

போர்ட் லூயியில் ஒரே ஒரு கடைக்கு அது ஒன்றே ஒன்று வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் நீல வெல்வெட் மேல் உட்கார்ந்திருந்தது. கடை மேலாளர், சர்க்கரை ஆலைக் குடும்பம் ஒன்றின் நொடித்துப்போன கிளையைச் சேர்ந்தவர். ஆலை போன பிறகும் முகத்தில் ஆலை இருந்தது. நான் அவரிடம் பிரெஞ்சில் பேசினேன். அவர் எனக்குக் கிரியோலில், எங்கள் சந்தைப் பேச்சில், பதில் சொன்னார். இதன் பொருள் எங்கள் தீவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை; வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், கீழே நில் என்று பொருள்.

மாட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, முடியைப் பார்த்தார்.

"தில்வில் கொக்கோ," என்றார். தேங்காய் எண்ணெய்.

காது மெத்தைகள் மெல்லிய தோலால் ஆனவை, எண்ணெய் பட்டால் கெட்டுவிடும் என்று விளக்கினார். பிறகு மேசையிலிருந்து பொட்டலம் கட்டும் மெல்லிய வெள்ளைக் காகிதம் ஒன்றை எடுத்து, அதை என் தலையில் ஒற்றிக் காட்டச் சொன்னார். இன்றைக்கு நினைத்தால் அந்தக் காகிதத்தை அவர் வாயில் திணித்திருக்க வேண்டும். ஆனால் சோதனை என்று யாராவது சொன்னால் என் கை தானாக ஒத்துழைக்கும், வேலைப் பழக்கம். ஒற்றிக் கொடுத்தேன். காகிதத்தில் ஒரு தீவின் வரைபடம்போல எண்ணெய் பரவியது. அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கடையில் இருந்த இரண்டு சீமாட்டிகள் வெளிச்சத்தில் என் தலையைப் பார்த்தார்கள்.

வேண்டுமானால் பணத்தைக் கட்டிவிட்டுக் கொண்டுபோகலாம், அதன் பிறகு வெண்ணெயைக்கூடப் பூசிக்கொள்ளலாம், ஆனால் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார். என் இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேலான விலை. கேட்காமல் வாங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. சிறைச்சாலை அரிசியைக்கூட அப்படி வாங்கியதில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தினேன். தினமும் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மனைவி முதலில் ஜுரம் என்று நினைத்தாள், பிறகு வேறு ஏதோ என்று நினைத்தாள். முடி தென்னந்துடைப்பம்போல விறைத்து நின்றது. அந்தக் கோலத்தில் மறுபடி கடைக்குப் போனேன். காகிதத்தில் இந்தத் தடவையும் மங்கலாக ஒரு கறை. பிறந்த நாளிலிருந்து ஊறிய தலை, அவ்வளவு சீக்கிரம் விடுமா? அதற்குள் மேலாளர் கண்ணாடிப் பெட்டிமேல் ஓர் அறிவிப்பையும் அச்சடித்து ஒட்டியிருந்தார். எண்ணெய் பூசிய தலைகள் அணிந்து பார்க்க அனுமதி இல்லை. காது மெத்தையில் எண்ணெய் பட்ட கருவி புதிய சரக்காகக் கருதப்படாது. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பிழையில்லாமல் இருந்தது. நல்ல அறிவிப்பு. அதன் இரண்டாவது பகுதியை நான் மனப்பாடம் செய்துகொண்டேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது. விதி என்று எதைப் பார்த்தாலும் மனப்பாடம் செய்வேன்.

நான் படித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு மேலாளர் சொன்னார்: "சுதந்திரம் வரப்போகுதாமே. வந்த பிறகு வா. அப்போ எல்லாத் தலையும் ஒண்ணுதான்."

கடைப் பையன்கள் சிரித்தார்கள். அவர்கள் தலையிலும் எண்ணெய்தான்.

அடுத்த சனிக்கிழமை டாக்டர் வீட்டில் இன்னொன்று தெரிந்தது. அந்தக் கடை தனக்குத் தெரிந்த பெரிய மனிதர்களுக்குச் சரக்கைச் சனிக்கிழமை வீட்டுக்கே அனுப்பிவைத்துத் திங்கட்கிழமை திருப்பி வாங்கிக்கொள்ளுமாம். டாக்டருக்கும் அப்படி அந்த ஹெட்ஃபோன் வந்துபோயிருந்தது. இரண்டு நாள் மாட்டிக் கேட்டிருக்கிறார். அருமை என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். ஆனால் வாங்கப்போவதில்லை, கனமாக இருக்கிறதாம், கழுத்து வலிக்கிறதாம்.

என்னை ஒருமுறை கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்டேன். என் காதின் கதை இந்தத் தீவில் அவர் ஒருவருக்குத்தான் முழுதாகத் தெரியும்.

"மறந்தே போச்சு, மோ ஷேர். அதோட, கடைக்காரனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். வேற யார் தலையிலயும் வைக்க மாட்டேன்னு."

சொல்லிவிட்டுத் தன் தலையை அன்போடு தடவிக்கொண்டார். அவர் வீட்டுத் தேநீரை அன்றைக்குக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

அதற்கடுத்த மாதம் அப்பா இறந்தார். அவருக்காக அழுதேன், அதை இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் வழக்கப்படி மகன்கள் இருவரும் தலையும் மீசையும் மழித்துக்கொண்டோம். சவரக்கத்தி பின்னந்தலையில் ஏறும்போது அந்தக் கண்ணாடிப் பெட்டி என் நினைவுக்கு வந்தது. வரக்கூடாத நேரம். வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் சட்டங்களை அறிவித்தார். ஒரு வருடத்துக்கு வீட்டில் விசேஷம் இல்லை. தைப்பூசத்துக்குக் காவடி இல்லை. பாட்டு என்று ஒரு சத்தம் இந்தக் கூரையின் கீழ் கேட்கக் கூடாது. கடைசிச் சட்டத்தைச் சொல்லும்போது மட்டும் என்னைப் பார்த்தார். ஒரு வருடம். டாக்டர் என் காதுக்குக் கொடுத்த சில வருடங்களில் ஒன்றை அண்ணன் எடுத்துக்கொண்டார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. துக்க நாட்களில் தலையில் எண்ணெய் வைக்கக் கூடாது. ஆனால் கருமாதி அன்று பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து உச்சியில் எண்ணெய் வைத்துத் தலைமுழுக வைப்பார்கள். மேலாளரின் காகிதம் என் தலையில் வெள்ளையாக இருக்கக்கூடிய நாட்கள், என் வாழ்நாளிலேயே அந்தச் சில நாட்கள்தான். அந்த நாட்களிலோ தீட்டு. கடை கண்ணிக்குப் போகக் கூடாது.

அரசாங்கம் எனக்கு உதவியது. தகப்பன் சாவுக்கு அரசாங்கம் தரும் விடுப்பு, கருமாதிக்கு வெகு முன்பாகவே முடிந்துவிடும். நான் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பியபோது அண்ணன் வழியை மறித்தார். எங்கள் வீட்டில் பேச்சு கிரியோலில்தான், அண்ணே தம்பி மட்டும்தான் தமிழ். தமிழாக்கித் தருகிறேன்.

"ஏன் தம்பி, அரசாங்கத்துக்கு அப்பன் கிடையாதா?"

"விதிப்புத்தகத்துல இல்ல, அண்ணே."

அலமாரியில் சேர்த்துவைத்திருந்த பணம் என் சட்டைப்பையில் இருந்தது.

மதிய இடைவேளையில் கடைக்குப் போனேன். போர்ட் லூயி வெயில் மொட்டைத் தலையில் இறங்குவதை அன்றுதான் முதல்முறை அனுபவித்தேன். மேலாளருக்கு முதலில் என்னை அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் அவர் பார்வை வழக்கம்போல மேலே போய், அங்கே பிடிக்க எதுவும் இல்லாமல் கீழே இறங்கியது. நானே மேசையிலிருந்து ஒரு காகிதத்தை உருவித் தலையில் அழுத்தி, அவர் முன்னால் வெளிச்சத்தில் பிடித்தேன். வெள்ளைக் காகிதம் வெள்ளைக் காகிதமாகவே இருந்தது. தீட்டுக் கையால் அவருடைய மேசையை, கண்ணாடிப் பெட்டியை, கல்லாவின் ஓரத்தை எல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டேன். அவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது போதும்.

வேறு வழியில்லாமல் பெட்டியைத் திறந்து கருவியை என் கையில் கொடுத்தார். மாட்டுவதற்கு முன், வேலைப் பழக்கத்தில், திருப்பிப் பார்த்தேன். காது மெத்தையின் விளிம்பு மஞ்சளாகப் பளபளத்தது. முகர்ந்தேன். லவெண்டர். டாக்டரின் தலை அங்கே இருந்தது. அவர் பூசுவதும் எண்ணெய்தான்; புட்டியில் பிரெஞ்சுப் பெயர் போட்டு வரும் எண்ணெய்.

என் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து மெத்தையைச் சுற்றித் துடைத்து மேசையில் விரித்தேன்.

"இது என்ன?" என்று பிரெஞ்சில் கேட்டேன்.

வியர்வையாக இருக்கும் என்றார்.

"வியர்வைக்கு லவெண்டர் வாசனை வராது, மிஸ்யே."

பிறகு அவருடைய அறிவிப்பின் இரண்டாவது பகுதியை அவருக்கே சொன்னேன், ஒரு சொல் பிசகாமல். காது மெத்தையில் எண்ணெய் பட்ட கருவி புதிய சரக்காகக் கருதப்படாது. பக்கத்தில் நின்றிருந்த ஒரு வாடிக்கையாளர் அறிவிப்பைத் திரும்பிப் பார்த்தார், பிறகு கைக்குட்டையைப் பார்த்தார். மேலாளர் குரலைத் தாழ்த்தி, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். பிரெஞ்சில், மரியாதைப் பன்மையில். மூன்று வருகைகளில் அதுதான் முதல் தடவை.

கேட்க வேண்டும் என்றேன்.

ஹெட்ஃபோனோடு ஒரு மாதிரி இசைத்தட்டும் வந்திருந்தது. அதில் ஒரு ரயில். இடது கோடியிலிருந்து வந்து தலைக்குள் புகுந்து வலது கோடியில் மறைய வேண்டும். எங்கள் தீவில் பயணிகள் ரயிலை நிறுத்திப் பத்து வருடங்கள்போல ஆகியிருந்தன. ஒரு காலத்தில் போ பசானிலிருந்து போர்ட் லூயிக்கு அதில்தான் வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். நிறுத்தியவர்கள் அதை இந்தக் கடையில் தட்டாக விற்கிறார்கள் என்று தோன்றியது.

மெத்தைகளைக் கைக்குட்டையால் மூடி மாட்டிக்கொண்டேன். ரயில் நடு மண்டையில் திடீரென்று தோன்றி வலப்பக்கம் போனது. இடப்பக்கம் ஒன்றுமில்லை. மேலாளர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முள்ளை மறுபடி தொடக்கத்தில் வைக்கச் சொன்னேன். இடது குமிழைத் திருப்பினேன். ரயில் கொஞ்சம் முன்னால் தோன்றியது. இன்னும் திருப்பினேன். மூன்றாவது தடவை அது தோளுக்கு அப்பால், கடைச் சுவருக்கும் அப்பால், எங்கிருந்தோ கிளம்பி, இடது காதுக்குள் தடதடவென்று நுழைந்து, தலையைக் கடந்து வெளியே போனது. முழு ரயில். பெட்டி பெட்டியாக.

முகத்தில் எதையும் காட்டாமல் கழற்றினேன். விலை பேசும்போது சரக்கு பிடித்திருக்கிறது என்று காட்டக் கூடாது.

புதிய சரக்கு அல்ல என்று அறிவிப்பே சொல்கிறது, ஆகவே புதிய சரக்கின் விலை செல்லாது என்றேன். அவர் முடியாது என்றார். அப்படியானால் அறிவிப்பைக் கிழித்துவிடுங்கள், நான் முழு விலை தருகிறேன், நாளைக்கு என் அலுவலகத்து நண்பர்கள் எல்லோரும் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்து மாட்டிப் பார்ப்பார்கள் என்றேன். பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர் சத்தமாகவே சிரித்தார். மேலாளர் பென்சிலை எடுத்து விலையை அடித்து, கீழே வேறு விலை எழுதினார். இசைத்தட்டைத் தர அவருக்கு மனமில்லை; பெட்டியின் மேல், தட்டும் உள்ளடக்கம் என்று ஜெர்மன் எழுத்தில் இருந்ததைக் காட்டி அதையும் வாங்கினேன்.

சோதித்தேன், கையெழுத்திட்டேன், பணம் கொடுத்தேன். கடைசியாக, அந்த இரண்டு காது மெத்தைகளையும் கழற்றி மேசையில் வைத்தேன்.

"இவற்றை என்ன செய்வது?" என்றார்.

"டாக்டருக்கு அனுப்புங்கள். சனிக்கிழமையிலிருந்து திங்கட்கிழமை வரை."

ஹெட்ஃபோன் கருமாதி முடியும்வரை என் அலுவலக மேசையின் இழுப்பறையில் பூட்டிக் கிடந்தது. கருமாதி அன்று தலையில் கை கையாக எண்ணெய் வைத்தார்கள். கழுத்து வழியாக வழிந்தது. சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன், எவ்வளவு வேண்டுமானாலும் வையுங்கள். மனைவியின் பிறந்த வீட்டார் முறைப்படி எனக்குக் கோடித் துணி போட்டார்கள். புது வெள்ளை வேட்டி, நல்ல நெசவு. சில நாள் கழித்து அதன் ஒரு ஓரத்தை வெட்டி, உள்ளே பஞ்சு வைத்து, இரண்டு காது மெத்தைகள் தைத்துத் தரும்படி மனைவியிடம் கேட்டேன். அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தைத்தாள். ஜெர்மன்காரனின் தோலைவிட இது நன்றாகவே காதில் உட்கார்ந்தது, கறை பட்டால் துவைக்கவும் முடிந்தது.

அண்ணன் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். தடுப்புப் பலகையின் இந்தப் பக்கம் வந்து நின்று, கோடித் துணியையா வெட்டினாய் என்று தொடங்கி, அப்பாவின் ஆத்மாவில் கொண்டுபோய் முடித்தார். முடியும்வரை கேட்டுக்கொண்டேன். பிறகு அவர் போட்ட சட்டத்தை நினைவூட்டினேன். பாட்டுச் சத்தம் இந்தக் கூரையின் கீழ் கேட்கக் கூடாது. கேட்கிறதா என்றேன். அவர் குனிந்து பார்த்தார், என் தலைக்கு ஒரு சாண் தூரத்தில் காதை வைத்துப் பார்த்தார். இசைத்தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. கேட்கவில்லை. சங்கத்தின் செயலாளர் அல்லவா, சட்டத்தில் ஓட்டை இருந்தால் அவருக்கும் தெரியும். நெடுநேரம் நின்று யோசித்தார்.

"உன் கால் ஆடுது," என்றார் கடைசியில்.

அந்த வருடம் முழுவதும் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தே கேட்டேன்.

சுதந்திரத்துக்கு முன்பே அந்த மேலாளர் குடும்பத்தோடு தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டார். எல்லாத் தலையும் ஒன்றாகும் நாளை அவர் பார்க்க விரும்பவில்லை. கடையில் இப்போது மழைக்கோட்டு விற்கிறார்கள். அதன் பிறகு தீவில் அப்படி ஒரு ஹெட்ஃபோன் என்னிடம்தான் இருந்தது. கழுத்து வலி தீர்ந்தது போலும், டாக்டர் ஆள்மேல் ஆளாகச் சொல்லி அனுப்பினார். ஒரே ஒரு முறை கேட்க வேண்டுமாம். தாராளமாக வரலாம், தலையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரட்டும் என்று பதில் சொல்லி அனுப்பினேன். அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வாசலில் அவருடைய கார் வந்து நின்றது. தலையைக் கழுவிவிட்டே வந்திருந்தார். மெருகு போன முடி நரைத்து, மண்டையோடு ஒட்டிக் கிடந்தது. இவ்வளவு கிழவரா என்று இருந்தது. அப்படியும் நான் விடவில்லை. வெள்ளைக் காகிதம் ஒன்றைக் கொடுத்தேன். வாங்கித் தலையில் ஒற்றிக் காட்டினார்.

ரயில் தட்டை வைத்து ஹெட்ஃபோனை அவர் தலையில் மாட்டினேன். முள் இறங்கியதும் தீயைத் தொட்டவர்போல இடது காதுக் கிண்ணத்தைப் பிடித்து இழுத்தார்.

"இடது பக்கம் கெட்டுப்போச்சு, மோ ஷேர். கத்துது." கை குமிழைத் தேடிப் போனது.

அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அது என் காதுக்கு வெச்ச அளவு. தொடாதீங்க."

அவர் குமிழைப் பார்த்தார். அது கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. காது வைத்தியர், அந்தக் கோட்டின் அர்த்தம் அவருக்குத் தெரியும். கையைக் குமிழிலிருந்து எடுத்துக்கொண்டார். இடது கிண்ணத்தை ஒரு விரலால் காதிலிருந்து தள்ளிப் பிடித்தபடி, வலது காதால் மட்டும் கடைசிவரை கேட்டார். ரயில் அவருக்குப் பாதி வழியிலிருந்துதான் கிளம்பியிருக்கும்.